மிச்சச் சோறும் மச்சினனும்

மார்ச் 3, செவ்வாய்

படிக்கட்டு ஏறும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது, எங்கள் வீட்டு அடுப்பில் யாரோ நன்றாகச் சமைக்கிறார்கள் என்று. யாரோ என்ன யாரோ, மச்சினன்தான்.

நேற்றைய சோற்றையும் முந்தாநாள் வேகவைத்த உருளைக்கிழங்கையும் பிசைந்து, வாடிப்போன வெங்காயத்தாளை நறுக்கிப் போட்டு, வட்டமாகத் தட்டி வாணலியில் முறுகவிட்டுக்கொண்டிருந்தான். மகள் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து சுடச்சுட வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற பெண் அவள். இன்று சமையலறையில் கால் ஆட்டிக்கொண்டு சிரிக்கிறாள். நான் செருப்பைக் கழற்றியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"வாங்க அத்தான், சூடா இருக்கு, உக்காருங்க" என்றான்.

"கேன்டீன்லயே சாப்பிட்டுட்டேன்" என்றேன். பொய். மதியத்திலிருந்து வெறும் டீ.

மனைவியின் தம்பி. லாரி ஓட்டியவன். பாரம் இறக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. வண்டி ஓட்டக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன மாதத்திலிருந்து எங்கள் ஹால் சோபாவில்தான் படுக்கை. பாவம்தான். பாவம் என்று நினைத்துத்தான் கூட்டிவந்தேன். அவன் இப்படி அடுப்பைப் பிடித்துக்கொள்வான் என்று யார் கண்டது?

மார்ச் 4, புதன்

காலிஃப்ளவர் தண்டில் சூப். குடித்தேன். நன்றாக இருந்தது. இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

மார்ச் 6, வெள்ளி

நான் சமைக்கிற கேன்டீனில் இன்று பாதிப் பேர் வரவில்லை, ஏதோ கூட்டமாம். அண்டா சோறு அப்படியே நின்றது. மதியம் மிஞ்சியதை வைத்திருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். பாத்திரம் கழுவும் அக்கா, "கொட்டறதுக்குக் கையே வரல மாஸ்டர்" என்றார். "நம்ம கையிலயா இருக்கு? கொட்டுங்க" என்றேன். இத்தனை வருஷத்தில் எனக்குப் பழகிவிட்டது. ஆறினது என்றால் குப்பை. வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன் போல.

சாயங்காலம் மனைவி சொல்கிறாள்: "குப்பைக்கூடை நிறையவே மாட்டேங்குதுங்க. தம்பி வந்ததுலேருந்து பாருங்களேன்." கூடையைத் தூக்கியே காட்டினாள். முகத்தில் அத்தனை பெருமை. ஆயிரம் பேருக்கு விருந்து ஆக்கி இறக்கிய அன்றுகூட என்னை அவள் இப்படிப் பார்த்ததில்லை.

குப்பை இல்லாத கூடை. அதுக்கு ஒரு பெருமை. அதுக்கு ஒரு தம்பி.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிறு என் சமையல். அதில் யாரும் கை வைக்க முடியாது. விடிந்ததும் கடைத்தெருவுக்குப் போய் மீன், கோழி, இளசான பீன்ஸ், நல்ல கத்தரிக்காய் என்று பை கிழிய வாங்கிவந்தேன். மச்சினன் வெங்காயம் உரிக்க வந்தான். "முதுகை வச்சுக்கிட்டு எதுக்கு? போய்ப் படு" என்றேன். அக்கறை மாதிரி ஒலித்தது. அக்கறை இல்லை.

மேசை கொள்ளாமல் சமைத்தேன். எல்லோரும் சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். மச்சினன் மட்டும் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, "போதும் அத்தான், வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்றான். என் சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லையாம்!

சரி, அதுகூடப் போகட்டும். சாப்பிட்டு முடித்ததும் மிஞ்சியதை எல்லாம் அவன் டப்பா டப்பாவாக எடுத்து வைத்தான். அப்போது மகள் சொன்னாள்: "நாளைக்கு மாமா இதை என்ன பண்றார்னு பாப்போம்!"

காலையிலிருந்து வியர்க்க வியர்க்க நின்றது நான். அது அவளுக்குச் சாப்பாடு இல்லை, மாமா சமைப்பதற்கான சாமான்.

மார்ச் 9, திங்கள்

எல்லோரும் எழுவதற்கு முன்னால் அத்தனை டப்பாவையும் தெருமுனைத் தொட்டியில் கொட்டினேன். டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று சாயங்காலமே கேட்டாள் மனைவி. "வாடை வந்துடுச்சு, கொட்டிட்டேன்" என்றேன்.

"ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்தது ஒரே ராத்திரியிலயா?" — இது மகள். அந்தப் பார்வை இருக்கிறதே.

மச்சினன்தான் குறுக்கே வந்தான். "விடு பாப்பா. அப்பாவுக்குத் தெரியாததா? சமையல்காரங்க மூக்கு ஏமாறாது."

எனக்காகப் பேசினான். அவன் பேசாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பொய் சொல்கிறேன், அவன் அதற்குக் குடை பிடிக்கிறான். வீட்டில் நல்லவன் பட்டமும் அவனுக்கே போகட்டும்.

மார்ச் 12, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்தபோது மனைவி, என்னைப் பார்க்காமலேயே, "திங்கக்கிழமை என் தம்பி மத்தியானம் என்ன சாப்பிட்டான் தெரியுமா?" என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

எனக்குப் புரியவில்லை. ஃப்ரிட்ஜில் முட்டை இருந்தது, காய் இருந்தது, டின் நிறைய அரிசி இருந்தது. யார் வேண்டாம் என்றார்கள்?

"அதெல்லாம் அவன் தொட மாட்டான். நீங்க கவனிச்சதே இல்லையா? வந்த நாள்லேருந்து புதுசா ஒரு தக்காளி எடுத்தானா? நாம தின்னு மிஞ்சினதுதான் அவனுக்கு. அதையும் சும்மா திங்கக் கூச்சமா இருக்கு, அதான் நமக்கும் சேத்து எதையாவது பண்றான். 'உழைக்காம உக்காந்திருக்கேன்க்கா, அத்தான் வாங்கிப்போடறதை எடுக்க மனசு வரல'ன்னான். நான் திட்டினேன். அவன் கேட்டாத்தானே? ஞாயித்துக்கிழமை வயிறு சரியில்லைன்னு சொன்னதும் அதுக்குத்தான். எல்லாம் புதுசு, எல்லாம் மீனும் கோழியுமா இருந்துச்சே."

திங்கட்கிழமை நாங்கள் மூன்று பேரும் வெளியே போய்விட்டோம். வீட்டில் அவனும், கழுவிக் கவிழ்த்த டப்பாக்களும்.

என் வீட்டில் ஒருத்தன் பட்டினி கிடந்திருக்கான். பட்டினி போட்டவன் நான். சமையல் மாஸ்டராம் நான்! மாஸ்டர்!

கேவலம் என்னவென்றால், இதைக் கேட்ட பிறகும் உள்ளே அந்த எரிச்சல் அணையவில்லை. பசியோடு கிடந்தவன் பேரிலும் பொறாமை. அவனால் அப்படி இருக்க முடிகிறது, என்னால் முடியவில்லை என்ற பொறாமை. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 13, வெள்ளி

ஒரு பை காய் வாங்கிவந்து அவன் கையில் கொடுத்து, "உன் இஷ்டத்துக்கு ஏதாவது பண்ணு" என்றேன். "இருக்கட்டும் அத்தான், நேத்து பருப்பு இருக்கே" என்று பையை அப்படியே உள்ளே வைத்துவிட்டான்.

மார்ச் 15, ஞாயிறு

கொஞ்சமாகத்தான் வாங்கினேன், கொஞ்சமாகத்தான் சமைத்தேன். சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல். இறக்கியதும், மேசைக்குக் கொண்டுபோகாமல், அடுப்படியிலேயே ஒரு தட்டில் முதலில் போட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"எல்லாரும் சாப்பிடட்டும் அத்தான், நான் அப்புறமா..."

"அப்புறம் கிப்புறம் எல்லாம் கிடையாது. இன்னும் யாரும் தொடலை. இது உனக்குன்னு ஆக்கினது. பிடி."

குரல் உயர்ந்துவிட்டது. சமாதானம் பேசவும் எனக்குச் சண்டைக் குரல்தான் வருகிறது. அவன் தட்டை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு நின்றபடியே சாப்பிட்டான். குனிந்த தலை நிமிரவில்லை. நான் கரண்டியைக் கழுவுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"அத்தான்."

"என்ன?"

"அன்னைக்கு அதெல்லாம் கெட்டுப்போகல, இல்ல?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை மூடினேன்.

"இல்ல."

"தெரியும்" என்றான். தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்றான்.

ஊற்றினேன்.

மார்ச் 19, வியாழன்

இப்போது ஃப்ரிட்ஜிலிருந்து முட்டை எடுக்கிறான். என்னைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறான். கேட்காதே என்றால் அதற்கும் சிரிக்கிறான்.

பழைய ரொட்டியைப் பாலில் ஊறவைத்து முட்டை அடித்து ஊற்றி இனிப்பாக ஏதோ செய்தான். மகள் தட்டை வழித்து நக்கினாள். எனக்குப் பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஆனால் இன்று அவள் பக்கத்தில் நானும் நின்று தட்டை நீட்டினேன்.

ஏப்ரல் 2, வியாழன்

அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. லாரி செட்டில் வண்டிகளை அனுப்புகிற இடம், உட்கார்ந்து பார்க்கிற வேலை. அங்கேயே பக்கத்தில் ஓர் அறையும் பார்த்துவிட்டான். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் துணிகளை மடிக்கிறாள். எனக்குச் சந்தோஷம். நிம்மதியா சந்தோஷமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மச்சினன் போனதிலிருந்து சமையலறையில் யாரும் இல்லை. மகள் தட்டை எடுத்துக்கொண்டு அறைப்பக்கம் திரும்பினாள். என்ன தோன்றியதோ, கதவைச் சாத்தாமல் திறந்தே வைத்திருந்தாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மச்சினன் புது அறைக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டான். ஒற்றை அறை. ஜன்னலோரம் அடுப்பு. கட்டிலில் நாங்கள், தரையில் அவன்.

மீதி எதுவும் சேர்க்கவில்லையாம், எல்லாம் இன்று காலையில் தானே போய் வாங்கிய காயாம். திரும்பத் திரும்பச் சொன்னான். புதுச்சட்டை வேறு.

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. குழம்பில் உப்பு கரித்தது. காய் குழைந்துபோயிருந்தது. மகள் மெதுவாக என்னைப் பார்த்தாள். மனைவி தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அவன் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் இந்த நிமிஷத்துக்கு நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து மச்சான்" என்றேன்.

கிளம்பும்போது மிஞ்சிய குழம்பைப் பாத்திரத்தோடு மனைவியிடம் நீட்டினான். நான்தான் வாங்கிக்கொண்டேன். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். இரண்டு உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்துக் கரைத்துவிட்டால் நாளைக்கு உப்பு சரியாகிவிடும்.