சாவியோ எழுதாத வரி

அன்புள்ள கரோலினுக்கு, உன் மாமா யேசுதாஸ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இடது முட்டியைத் தவிர நான் முழு நலம், அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் முட்டி உட்பட நலமாயிருக்க வேண்டும். இந்தத் திருவொற்றியூர் முதியோர் இல்லத்தில் மாமாவுக்குப் பொழுது எப்படிப் போகிறது என்று போனில் கேட்டாய், அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். உன்னைப் பெற்றது என் அக்கா என்றாலும் ஐந்து வயதிலிருந்து தோளில் தூக்கி வளர்த்தவன் நான், உன்னிடம் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது, அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

முன்பெல்லாம் இங்கே பொழுது என்று ஒன்று கிடையாது, காலையில் இட்லி, பிறகு டிவிக்கு எதிரே வரிசையாக நாற்காலி, பிறகு சோறு. புதிதாக வந்த சிஸ்டர் ஞானபாக்கியம்தான் டிவியை அணைத்தார். கை நடுங்காதவர்களுக்குப் பூக்கட்டவும் மொச்சை உரிக்கவும் கொடுத்தார், சாயங்காலம் கேரம் வைத்தார். போனில் பேசினால் காது கேட்காதவர்களுக்காக வீட்டார் மாதம் ஒரு கடிதம் கையால் எழுதவேண்டும், வியாழக்கிழமை அதை ஹாலில் உரக்க வாசிக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். யார் வாசிப்பது என்றதும் முதலில் எழுந்த கை உன் மாமாவுடையது. ஹார்பரில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியபோது ஆபீசர்களே என்னைக் கூப்பிட்டுத்தான் தமிழ்க் காகிதம் படிக்கச் சொல்வார்கள் என்று அள்ளிவிட்டேன். நான் நாலாவதோடு நின்றவன் என்று உனக்குத் தெரியும், அச்செழுத்து வரும், கையெழுத்து என்றால் தடுக்கும். தடுக்கிய இடத்தில் சொந்தச் சரக்கைப் போட்டு நிரப்பினேன். கோயிலில் வாசகம் படிப்பவர்போல் குரலை ஏற்றி இறக்கிப் படிப்பேன், முடித்ததும் ஹாலில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் இறைவா உமக்கு நன்றி என்பார்கள், எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். பக்கத்துக் கட்டில் ரஷீது பாய் மட்டும், இன்னா மாமு, காயிதம் ஒரு பக்கந்தான் கீது, நீ அரமணியா வாசிச்சிகினு கீறியே என்று வாரிக்கொண்டே இருப்பார்.

இங்கே அடைக்கலமேரி என்று ஒரு அம்மா, காசிமேட்டில் மீன் விற்றவர், கண்ணில் புரை, காதும் மந்தம், கிட்டே உட்கார்ந்து கத்தினால் கேட்கும். ஒரே மகன் சாவியோ குவைத்தில். அவன் கடிதம் வந்தது, எல்லாம் பொடி எழுத்து. லீவு இல்லை, இந்த வருஷமும் வரமுடியாது என்ற வரி மட்டும் எனக்குப் புரிந்தது. அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காக மனசு இளகிவிட்டது என்று உன்னிடம் சொல்லலாம், அது பாதிதான், மீதிப் பாதி ஹாலே என்னைப் பார்க்கிறதே என்ற பெருமை. மாதா கோயில் தேருக்கு முந்தின நாள் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன் அம்மா என்று வாசித்துவிட்டேன். இறைவா உமக்கு நன்றி என்றார்கள் எல்லோரும். அடைக்கலமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறந்துவிடுவார் என்று நினைத்தேன். தேருக்கு முந்தின நாள் விடிந்ததும் பவுடர் போட்டு, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், சோற்றுக்கும் எழவில்லை, வாசலில் எந்த வண்டி நின்றாலும் தலை நிமிரும். சிஸ்டர் குவைத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தார். என்னைத் திட்டவில்லை. நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வருகிறேன் என்று அவன் எழுதவில்லை அம்மா, நான்தான் சேர்த்தேன், எனக்குச் சரியாகப் படிக்கவும் வராது என்று கத்திச் சொன்னேன், கத்தினால்தானே கேட்கும், அதனால் இல்லம் முழுக்கக் கேட்டது. அந்த அம்மா பையின் காதைப் பிடித்துத் திருகினார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்.

"எம்புள்ள எழுதுனத படி. உன்னுது வாணாம்."

எழுத்துக்கூட்டிப் படித்தேன் கரோலின், ரஷீது பாய் முதற்கொண்டு எல்லோரும் நின்று பார்க்க, ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். யாரும் சிரிக்கவில்லை. நான் தாவிப்போன வரிகளில் என்ன இருந்தது தெரியுமா, ஞாயிற்றுக்கிழமை ரூமில் அவன்தான் நெத்திலிக் குழம்பு வைக்கிறானாம், ருசி வரவில்லையாம், மாங்காய் போட்டால் புளி எவ்வளவு விடுவது, யாரையாவது விட்டு எழுதியனுப்பு அம்மா என்று கேட்டிருந்தான். மூன்று வாரமாகப் பதிலுக்குக் காத்திருக்கிறான். அதைத்தான் அந்த அம்மாவுக்குப் போகவிடாமல் அடைத்து வைத்திருந்தேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, மாங்கா போட்டா புளிய பாதியாக்கணும், இதுகூட தெர்லியா அதுக்கு என்றார். அன்றைக்கே சொல்லச் சொல்ல நான் எழுதினேன், என் சொல் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை, ஆனாலும் ரஷீது பாய் படித்துச் சரி என்ற பிறகுதான் அந்த அம்மா உறையை ஒட்டவிட்டார். அதற்கு மேல் எனக்கு என்ன தண்டனை வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர், பிள்ளை நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை போடு, குளிரில் காது மூடாமல் டூட்டிக்குப் போகாதே. இன்னும் ஒன்று. ஈஸ்டருக்கு நீ வருகிறாய் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன், நீ அப்படிச் சொன்னதே இல்லை. நேற்று ஹாலில் எழுந்து நின்று அதுவும் என் சரக்குதான் என்று சொல்லிவிட்டேன், அதனால் லீவு கிடைக்காவிட்டால் வருத்தப்படாதே. ஒரே ஒரு பக்கம், பெரிய எழுத்தாக எழுதிப் போடு. அதில் என்னிடம் ஏதாவது ஒன்று கேள், எனக்குத் தெரிந்ததாகப் பார்த்துக் கேள்.

நாலாவது வரை படித்த உன் மாமா,
யேசுதாஸ்