நெடுமதிலில் வெறுமனை இல்லை

வானம் குளிர்க. வழிகள் முள்ளின்றி விரிக. நடந்த கால்களுக்கு நிழலும், உடன்வந்த கால்நடைகளுக்கு நீரும் கிடைப்பதாக.

நெடுமதில் நகரின் காவலர், மதில் எழுப்பிய கீரன் குடியின் மூத்தவர், வேந்தர் அவையில் அமர்ந்தபடியே பேசும் உரிமை பெற்ற சேந்தன் மாறவேள் விடுக்கும் ஓலை. மேல்காட்டு மக்களின் தலைவியும், ஊர் வறண்டு வெளியேறியபோதும் விதைத்தினையை உண்ண விடாதவரும், தம் வண்டிகள் நிற்கும் இடத்தையே நாடாக உடையவருமான கொற்றியார் திருமுன் வைக்கப்படுவது. ஆற்றுத்துறையில் தங்கியிருக்கும் தங்கள் மக்கள் நலமாகுக.

கழிமுகத்தை மணல் மூடிய நாள்முதல் நெடுமதிலின் மக்கள் புதுத்துறைக்குப் பெயர்ந்துகொண்டே இருக்கிறார்கள். போகிறவர் எவரும் போவதாகச் சொல்வதில்லை. வீட்டைப் பூட்டி, திறவுகோலைக் காவலர் கூடத்துச் சுவரில் மாட்டி, "வந்துருவோம், பாத்துக்கங்க ஐயா" என்பார்கள். அவ்வாறு பூட்டப்பட்ட வீட்டுக்கு இந்நகரில் காத்திருமனை என்று பெயர். உரியவர் மாண்டு, அவர் வழியும் அற்றுப்போனால்தான் அது வெறுமனை. திறவுகோல் காப்பது எந்த வேந்தரும் இட்ட பணியன்று; கீரன் குடி தானே கொடுத்த வாக்கு.

நகரம் மெலிவதைக் காவலர் கைகட்டிப் பார்த்திருக்கவில்லை. வாயிலில் ஆள் நிறுத்தினார். மக்கள் மதிலேறிக் குதித்துப் போனார்கள். மணம் முடித்து இங்கேயே தங்குவோர்க்குப் பசுவும் கன்றும் கொடுத்தார். அவற்றையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். அரசவை அறிஞர் ஒருவர் வந்து, மதிலை இடித்துவிட்டு, எஞ்சியோரை நடுத்தெருக்களில் கூட்டிச் சிறுமதில் கட்டலாம் என்றும், உடல் இளைத்தால் அங்கியைப் பிடித்துத் தைப்பதில் இழிவென்ன என்றும் கேட்டார். அவருக்கு இரண்டாம் முறை மோர் வார்க்கக் காவலர் சொல்லவில்லை.

பின்னர் வேந்தரின் ஆணை வந்தது. வெறுமனை உள்ள நகரங்கள், வறட்சியால் பெயர்ந்தோர்க்கு அவற்றை அளிக்க வேண்டும் என்றது. நெடுமதிலில் வெறுமனை ஒன்றும் இல்லை என்று காவலர் தூதரிடம் சொன்னார். இந்நகர வழக்கில் அது மெய். தூதரோ, நகரம் நிரம்பி வழிகிறது என்று கொண்டு போனார். அதனால் தங்கள் மக்கள் வாயிலில் திருப்பப்பட்டார்கள். நிரம்பிய நகருக்கு ஆள் எதற்கு என்று, மழைக்கு முன் இந்நகரின் பேரேரிக் கரையை உயர்த்த ஆண்டுதோறும் வரும் அரசப் பணியாளரும் நிறுத்தப்பட்டார்கள்.

அன்று வாயிலில் தாங்கள் சொன்னதைக் காவலர் மேல்மாடத்திலிருந்து கேட்டார். சொல் மாறாமல் இங்கே எழுதப்படுகிறது: "தெருவுக்குத் தெரு பூட்டாத் தொங்குது. உள்ள யாரு குடியிருக்கா, பல்லியா? பல்லிக்குக் காவலு, மனுசருக்குக் கதவடைப்பா? நல்லாயிருக்குய்யா ஒங்க ஊரு!" இப்படி ஒருவர் கீரன் குடியைப் பேசியதில்லை. வாயிற்காவலன் அத்தன் சிரித்தான். ஏன் சிரிப்பு என்று கேட்டதற்கு, "அந்தம்மா சொன்னதுல பல்லி ஒண்ணுதான் தப்புங்கய்யா. வெளக்கில்லாத வீட்டுல பூச்சி ஏது? அதும் போயிருச்சு" என்றான். காவலர் அவனைக் கடிந்தார்.

இப்போது பேரேரியின் தென்கரை வெடித்திருக்கிறது. காவலர் வெடிப்பில் கை நுழைத்துப் பார்த்தார்; விரல் நனைந்தது. மண்கூடையைக் கைமாற்றி ஏற்றுவதற்கு ஆள்வரிசை போதவில்லை. முதியோர் இடையிடையே கூடையை இறக்கிவைத்து, நடந்து, மீண்டும் எடுக்கிறார்கள். மேற்றிசை மலையில் முகில் இறங்கிவிட்டது. திறவுகோல் மாட்டிச் சென்றவர்களை உதவிக்கு அழைத்து ஆள் போனது. கரை வேலை முடிந்ததும் சொல்லியனுப்பினால் வீட்டைப் பார்க்க வருவதாகப் புதுத்துறையிலிருந்து மறுமொழி வந்தது.

அதைக் கேட்டபின் காவலர் கூடத்துச் சுவரில் தொங்கும் திறவுகோல்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். கரை உடைந்தால் நீர் முதலில் புகுவது பள்ளத் தெருக்களில். அங்கே கரையப்போவன, அவர் குடி வாக்குக் கொடுத்துக் காத்த அவ்வீடுகளே. பூட்டைக் காத்தால் வீடு இல்லை.

ஆகவே கொற்றியார் அறிக. தங்கள் மக்கள் அனைவரும் மண்வெட்டியும் கூடையுமாக உடனே பேரேரிக்கரைக்கு வருக. இளையோர் கரையில் நிற்க, குழந்தைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் மேட்டுத் தெருக்களில் குடியேறுக. முதலில் திறக்கப்படுவது காவலரின் இளவல் பூட்டிச் சென்ற வீடு. அதில் தாங்கள் தங்குக. எவரும் விருந்தினர் அல்லர். அடுப்பு மூட்டிய அன்றே இந்நகரக் குடிகள். இவ்வோலையைக் கொண்டுவரும் அத்தன் வழிகாட்டுவான். அவன் நகையாட்டைப் பொருட்படுத்த வேண்டா.

துருவேறித் திறவுகோல் திரும்பாத பூட்டுகளை உடைத்திடுக. உரியவர் என்றேனும் வந்து, உடைத்தவர் யார் என்று கேட்டால், தங்கள் மக்கள் தலைகுனிய வேண்டா. கீரன் குடி உடைத்தது என்று இவ்வோலையை நீட்டுக.

இது நெடுமதில் காவலரின் ஆணை. அரக்கு உருக்கப் பொழுதில்லாமையால், மதில் இலச்சினை தென்கரையின் ஈரக் களிமண்ணில் பொறிக்கப்பட்டது. அது உலருமுன் புறப்படுக.