சிவசக்திக்குத் தாடை அறுத்த சேதி

வாழவந்தி

கண்ணு தனபாலுக்கு அம்மா எழுதுவது. அந்த மஸ்கட் வெயிலில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் தங்கையும் இருக்கிறோம், நலம் என்று எழுத இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

சிவசக்திக்குச் சேலத்தில் தாடை ஆபரேஷன் ஆகி இன்றோடு இருபத்திரண்டு நாள். அவள் கொறட்டை வெறும் சத்தமில்லையாம், தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சே நின்று நின்று வருகிறதாம். எஸ்டேட் ஆபீஸில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தாளே, சோம்பேறி என்று நானே திட்டினேனே, அதற்கும் இதுதான் காரணம். மூக்கில் மாட்டும் மிஷினை நாலு மாதம் போட்டுப் பார்த்தாள், ஒத்துவரவில்லை. கடைசியில் மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் அறுத்து முன்னால் நகர்த்தித் தகடும் திருகும் வைத்திருக்கிறார்கள். முகத்து வீக்கம் இப்போதுதான் வடிகிறது. பல்லை ரப்பர் போட்டுக் கட்டியிருப்பதால் கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டி சிரிஞ்சில்தான் விடுகிறேன். உதடு மரத்துப்போய், கஞ்சி வழிவதுகூட அவளுக்குத் தெரிவதில்லை. நான் துடைத்தால் அழுகிறாள்.

போன வாரம் மாப்பிள்ளை கோவிந்தராஜ் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். வாய் திறக்க முடியாதவளுக்கு ஆரஞ்சு. அவளைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. என்னிடம்தான், "ஏனுங்க அத்தை, கொறட்டை நின்னுருச்சுங்களா? இனி எங்க ஊட்டுல எல்லாரும் நிம்மதியாத் தூங்கலாமுங்களா?" என்றார். சிவசக்தி நோட்டை எடுத்து எழுதி நீட்டினாள். "நின்னுருச்சுங்க. நான் இங்கயே தூங்கிக்கறனுங்க. நீங்க அங்க நிம்மதியா இருங்க." விளையாட்டு என்று நினைத்து அவர் சிரித்தார். அவள் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. போகும்போது ஆரஞ்சுப் பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் மேல் மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. போன வருடம் இவள் தூங்கும்போது கொறட்டையைப் போனில் பிடித்து அவர் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினாரே, உனக்கும் வந்ததே. "அண்ணனும் சிரிப்புப் பொம்மை போட்டிருக்குதும்மா" என்று அவள்தான் என்னிடம் காட்டினாள். புருஷன் அனுப்பியதற்கு அழாதவள், உன் பொம்மைக்கு அழுதாள். அதனால் முகத்தைக் காட்டு, வீடியோவில் வா என்று அவளைக் கூப்பிடாதே. அவளாகப் பேசும்வரை பொறுத்திரு. பேசாமலே போனாலும் பொறுத்துக்கொள்.

இன்னொன்று. உன் அப்பா எப்படிப் போனார் என்று சேலத்து டாக்டர் கேட்டார். தூக்கத்திலேயே, நாற்பத்தாறு வயதில், நோவில்லாத நல்ல சாவு என்று ஊரே சொன்னது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவருக்கும் இதே இருந்திருக்கலாமுங்கம்மா" என்றார். கண்ணு, அன்றைக்கு உன் அப்பாவின் கொறட்டை சட்டென்று நின்றபோது நான் முழித்துத்தான் இருந்தேன். அப்பாடா என்று திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

உனக்கும் உன் அப்பாவுடைய உள்வாங்கின தாடைதான். இந்த மாதமே அங்கே ஒரு டாக்டரிடம் தூக்கப் பரிசோதனை செய்துகொள், தள்ளிப்போடாதே. உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் நீ நூறு வயது இருக்க வேண்டும், சேர்வராயன் சாமி உன் மூச்சுக்குக் காவல் நிற்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
வெள்ளையம்மாள்