ருசி பார்க்காத குழம்பு

மே 11
இது யார் கையில் கிடைத்தாலும் சரி, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம்.

நாளைக்கு நானும் அம்மாவும் பழனிக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறோம். போவது திண்டுக்கல்லுக்கு. அங்கே கேட்டரிங் கல்லூரியில் சமைத்துக் காட்டினால்தான் சீட். அப்பாவுக்கு நான் நர்ஸ் ஆக வேண்டும். "ஊரான் தின்ன தட்டக் கழுவவா ஒன்னப் பன்னெண்டாப்பு படிக்க வச்சேன்?" என்று போன வாரம் கத்தினார். அம்மாதான் இந்தப் பழனி யோசனையைச் சொன்னாள். இப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "வெள்ளனே கெளம்பணும், லைட்ட அமத்து புள்ள" என்கிறாள்.

மே 12
தோற்றுவிட்டேன். இல்லை, தெரியவில்லை.

எங்கள் தோட்டத்துப் பூண்டைக் கொண்டுபோய்க் குழம்பு வைத்தேன். வீட்டில் கல் உப்பு. அங்கே பொடி உப்பு. கைப்பழக்கத்தில் அதே போல அள்ளிப் போட்டுவிட்டேன். தேர்வு வைத்த மேடம் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீரைத் தேடினார்.

"நீ ருசி பாக்கலயா?"

"சாமிக்குப் படைச்சு, அப்பா சாப்பிடாம நாங்க வாயில வைக்க மாட்டோம் மேடம். எச்சில் ஆயிரும். அம்மா வாசனையிலயே உப்பு சொல்லிருவாங்க..."

பக்கத்து அடுப்புப் பையன், "நல்லவேளை, சாமி இன்னைக்கு லீவு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு ஸ்பூனை என் கையில் வைத்தார். "சாப்பிடப் போறவங்களுக்கு முன்னாடி உனக்குத் தெரியணும்மா. இருபதாம் தேதி திரும்ப வா. அப்பாவும் வரணும், கையெழுத்துப் போட."

ஸ்பூனைத் திருப்பி வாங்கிக்கொள்ளவே இல்லை. நன்றி மேடம். அங்கே சொல்லாமல் அழுதுகொண்டே வந்துவிட்டேன்.

மே 13
மாட்டிக்கொண்டோம். "பழனிக்குப் போனவளுக, திருநீறு எங்கடி?" என்றார் அப்பா. ஐயோ, வரும் வழியில் வத்தலக்குண்டில் இறங்கி ஒரு பொட்டலம் வாங்கக்கூடத் தோணலயே!

அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "நாந்தான் கூட்டிட்டுப் போனேன். அவள வையாதீங்க." எனக்காகப் பொய் சொன்னதும் அவள்தான், எனக்கு முன்னால் வந்து நின்றதும் அவள்தான். நான் அவளுக்கு என்ன செய்துவிட்டேன்?

அப்பா சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மே 15
அப்பா பேசவில்லை.

மே 18
ராத்திரிக்குப் பூண்டுக் குழம்பு. நான்தான் வைத்தேன். அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா கரண்டியில் எடுத்து, அப்பா பார்க்கப் பார்க்க, என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். இந்த வீட்டில் யாரும் செய்யாதது. நக்கினேன்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"என்ன, உப்பு எப்பிடி?"

"கொஞ்சம் கம்மிப்பா."

"அப்பப் போட்டுக் கொண்டா. எனக்கொண்ணும் சோலி கெடக்கல."

காத்திருந்தார். என் குழம்புக்காக, தட்டு முன்னால். முருகா, இது போதும். அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? சொன்னால் "போடி கிறுக்கி" என்பாள்.

ஆனால் இருபதாம் தேதியைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நாளை மறுநாள். நானே கேட்கவா? கேட்டு, இன்றைக்குக் கிடைத்ததும் போய்விட்டால்?

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்ட மாட்டாளே— அப்பா குரல்!

"ஏத்தா ரோகிணி, முழிச்சிருக்கியா? திண்டுக்கல்லுக்கு மொத பஸ்சு எத்தன மணிக்கு?"