சயாம் வண்டி புறப்படுமுன் இன்னொரு நேர்முகத் தேர்வு

அனுப்புநர்:
அ. இருளப்பன்,
முன்னாள் இரண்டாம் கிராணி, புக்கிட் கெராயோங் தோட்டம்;
இப்போது மரவள்ளிக் கிழங்கு அடை விற்பவன்,
பாசார் வாசல், கோலா கெத்தில்.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி துவான் அவர்கள்,
மாவட்ட அலுவலகம், சுங்கை பட்டாணி.

பொருள்: திகாம் பத்து அரிசிக் கிடங்கின் கிராணி வேலைக்கு நடந்த நேர்முகத் தேர்வை ரத்து செய்து மறுபடி நடத்தவும், என் மருமகன் சின்னையாவின் பெயரைச் சயாம் ரயில் பாதை ஆள்பட்டியலிலிருந்து நீக்கவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய துவான் அவர்களுக்கு,

தாள் கிடைக்காத காலமாதலால் இம்மனுவைத் தோட்டத்து ஆள்வருகை பதிகிற பழைய செக்ரோல் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். முன்பக்கத்துப் பெயர்களுக்கும் இந்த மனுவுக்கும் சம்பந்தமில்லை. அவர்களில் பாதிப்பேர் முன்னமே சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்விட்டார்கள்; ஒருவரும் திரும்பவில்லை. மீதிப்பேரை யாரும் அதிலிருந்து பார்த்து எழுதிக்கொள்ளாதபடி துவான் தாளைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதை வாசித்து மலாயில் எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்புக் கிராணி அலி தம்பி, என் வார்த்தைகளைக் கொஞ்சம் ஆறவைத்துத்தான் துவான் காதில் ஊற்றுவார் என்பது எனக்குத் தெரியும். சென்ற முறை பாசார் சாக்கடை பற்றி நான் எழுதியதைத் துவான் சிரித்துக்கொண்டே கேட்டதாகச் சொன்னார்கள். இம்முறை சூட்டோடு சொல்லும்படி தம்பியைக் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை சுங்கை பட்டாணியிலிருந்து வண்டி புறப்படுகிறது.

1. சென்ற மாதம் திகாம் பத்து கிடங்கு வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். கிராணி ஒருவர் தேவை, தராசும் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும், வேலை கிடைத்தவருக்கு அரசாங்கப் பணியாள் என்ற கைப்பட்டை தரப்படும் என்றிருந்தது. அந்தத் துணித்துண்டு கையில் இருந்தால் சயாமுக்கு ஆள்பிடிக்க வருகிறவர்கள் தொடாமல் கடந்து போய்விடுவார்கள். அதனால் சம்பளம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. என் மகள் குணவதிக்கு இப்போது ஏழாம் மாதம். அவள் புருஷன் சின்னையா எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் நிறுத்துக் கணக்கெழுதியவன். அந்தக் கைப்பட்டை அவன் கையில் ஏற வேண்டும் என்பதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை.

2. அவனுடைய விண்ணப்பத்தை எழுதியவன் நான். இந்தக் காரியத்தில் நான் கைராசிக்காரன் என்று பாசாரில் ஒரு பேச்சு உண்டு. என் எழுத்தால் வேலைக்குப் போனவர்கள் பலர். என் எழுத்து எனக்கு மட்டும் ஒருமுறையும் பலித்ததில்லை. அப்பன், பாட்டன், ஊர் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு முதல் வரியிலேயே வேலையைச் சொன்னேன். ‘பால் நிறுத்தேன்’ என்று எழுதினால் யார் மதிப்பார்கள்? ‘இருநூறு பேருடைய பாலை நாள்தோறும் நிறுத்து எழுதியும் எடைத் தகராறு மானேஜர் வரை போனதில்லை’ என்று எழுதினேன். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. முடிவில், கிராணி வேலைக்கு எழுதுகிற எல்லாரும் காலங்காலமாகப் போடுகிற வரியையும் போட்டேன்: ‘நல்ல திடகாத்திரம் உள்ளவன், எங்கே அனுப்பினாலும் போய் உழைக்கச் சித்தமாயிருக்கிறேன்.’ துவான் இந்த வரியைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. அடுத்துத் தேர்வுக்குப் பழக்கினேன். என் மனைவி செல்லாயி அதிகாரியாக உட்கார்ந்தாள். அந்த உத்தியோகத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் முன் நாங்கள் இருவரும் இடுப்பை வளைத்துக் குனிந்து பழகினோம். இன்னும் கொஞ்சம் என்றாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல், கையைப் பிசையாதே என்று நான் உபதேசித்தேன். சின்னையா கூச்சக்காரன். “தராசு முன்னால நின்னா பேசிடுவேன் மாமா, ஆள் முன்னால நின்னா நாக்கு ஒட்டிக்குது” என்றான். எதிரே இருப்பவனைப் பாலில் தண்ணீர் கலந்து கொண்டுவந்தவன் என்று நினைத்துக்கொண்டு பேசு என்றேன். அவன் முகம் தெளிந்துவிட்டது.

4. கேள்விகள் எப்படி வருகின்றன என்று பார்த்து வந்து சொல்வதற்காகவே நானும் ஒரு விண்ணப்பம் போட்டு முதலில் உள்ளே போனேன். அனுபவசாலியாகத் தெரியட்டும் என்று என் வயதை ஐம்பத்திரண்டு என்று ஏற்றி எழுதியிருந்தேன். எங்கள் இருவருக்கும் கிழியாத முழுக்கால் சட்டை ஒன்றுதான் உண்டு. நான் வெளியே வந்து கிடங்குக்குப் பின்னால் அதைக் கழற்றிக் கொடுக்க, அவன் போட்டுக்கொண்டு உள்ளே போனான். துவான், நான் கோவணத்தோடு கோணிச்சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அடுத்து நடந்ததை அங்கிருந்துதான் கேட்டேன்.

5. தேர்வு நடத்தியவர் கிடங்கின் பெரிய கிராணி பரஞ்சோதி. சண்டைக்கு முன் இவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி. என்னிடமும் சின்னையாவிடமும் இவர் கேட்டது ஒரே கேள்வி: துரை கொடுத்த சர்டிபிகேட் எங்கே? நிப்பான் துருப்புகள், அதாவது ஜப்பான்காரர்கள், கெடாவுக்குள் வந்த வாரம், வெள்ளைக்காரத் துரை காரேறிப் போன மறுநாள், இதே பரஞ்சோதி கிராணிமார்களையெல்லாம் புகைவீட்டுக்குக் கூப்பிட்டு, வெள்ளைக்காரன் கையெழுத்துள்ள தாள் எவன் வீட்டில் இருந்தாலும் தலை போய்விடும் என்றார். ரப்பர் பால்தகட்டுக்குப் புகை போடுகிற அந்த அடுப்பில் நாங்கள் ஒவ்வொருவராக எங்கள் சர்டிபிகேட்டுகளைப் போட்டோம். தாள் சரியாக எரிகிறதா என்று கம்பியால் கிளறிவிட்டவர் அவரே. பதினெட்டு வருஷ உழைப்பு எனக்கு ஒரு பிடிச் சாம்பல்கூட மிச்சம் வைக்கவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் உண்மையாக வேலை பார்த்தவர்கள் எல்லாரும் இப்படியே எரித்தார்கள். எரிக்க ஒன்றுமில்லாதவர்கள்தான் அன்று நிம்மதியாக இருந்தார்கள்.

6. சின்னையாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே எதிரே இருந்தவரைப் பாலில் தண்ணீர் கலந்தவராக நினைத்துக்கொண்டான். குரலை உயர்த்தாமல் சொன்னான்: “எரிக்கச் சொன்னது நீங்கதானே அண்ணே. கம்பி உங்க கையில இருந்துச்சே. தராசக் கொடுத்துப் பாருங்க, சர்டிபிகேட் எதுக்குலா?” வெளியே காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பரஞ்சோதிக்குக் கேட்டுவிட்டது.

7. வேலை, பரஞ்சோதியின் மச்சான் சுப்பிரமணியத்துக்குப் போயிற்று. தஞ்சோங் டாவாயில் கருவாடு விற்றவர். கருவாடு விற்பதில் கேவலம் ஒன்றுமில்லை; நானும் அடை விற்கிறவன்தான், அதுவும் கருவாட்டைவிடக் கெட்டியான அடை. ஆனால் தோட்டத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர் மூன்று துரைமார் கொடுத்த சர்டிபிகேட்டுகளை விரித்து வைத்தார் என்றால், மை காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்கவேணும் ஒரு விரல் இருக்க வேண்டாமா? தராசில் படிக்கல்லை எந்தத் தட்டில் வைப்பது என்று முதல் நாளே கேட்டாராம். இது வதந்தி, பாதி நான் பரப்பியது. சர்டிபிகேட் சமாச்சாரம் வதந்தியல்ல. அவை கிடங்கில்தான் இருக்கின்றன. துவான் வரவழைத்துப் பார்க்கலாம்.

8. இத்தோடு விட்டிருந்தால் இதையும் என் தோல்விக் கணக்கில் சேர்த்துவிட்டு அடை சுடப் போயிருப்பேன். வேலையில்லாதவர்களின் பெயர்களைச் சயாமுக்கு ஆள் எடுப்போரிடம் கொடுக்கும் பொறுப்பும் பரஞ்சோதியிடமே இருக்கிறது. தேர்வில் தள்ளப்பட்டவர்களின் விண்ணப்பங்களை அவர் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார். வேலையில்லை என்று நாங்களே எழுதி, வயதும் விலாசமும் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறோமே, வேறென்ன வேண்டும்? ஐம்பதைத் தாண்டியவர்களை எடுப்பதில்லை என்பதால் என்னை விட்டுவிட்டார்கள். சின்னையாவின் பெயர் முதலாவதாக ஏறியது. குணவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடங்குக்குப் போய்க் கேட்டாள். அவர் விண்ணப்பத்தின் கடைசி வரியில் விரலை வைத்து, “எங்கே அனுப்பினாலும் போறேன்னு ஒம் புருஷன்தானே எழுதிக் கொடுத்திருக்கான்” என்றாராம். அவள் வீட்டுக்கு வந்து அடைக்குக் கிழங்கு துருவ உட்கார்ந்தாள். என்னைத் திட்டியிருந்தால் இந்த மனு இவ்வளவு நீண்டிருக்காது.

9. இனி இந்த மனுவின் மிகவும் கசப்பான இடம். வெள்ளைக்காரனை மறந்துவிடுங்கள் என்று தினமும் எங்களைக் கிழக்கே ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசை பார்த்துக் குனியவைக்கும் அரசாங்கத்தின் கிடங்கில், வெள்ளைக்காரன் கையெழுத்தைக் காட்டினால்தான் வேலை என்று ஒருவர் தேர்வு நடத்தியிருக்கிறார். இதை மிலிட்டரி போலீசுக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் இன்றே பரஞ்சோதியைக் கொண்டுபோய்விடுவார்கள். அப்படிச் செய்யும்படி பாசாரில் எனக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. அங்கே போனவர்கள் நகம் பிடுங்கிய விரல்களோடு திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். பரஞ்சோதியின் நகத்துக்கு நான் ஆசைப்படவில்லை. அவர் முகத்துக்கு எதிரே, துவான் முன்னிலையில், ஒரு தராசும் பத்து மூட்டை அரிசியும் வைத்துச் சின்னையாவையும் சுப்பிரமணியத்தையும் அரிசி நிறுக்கச் சொல்ல வேண்டும் என்பதற்கே ஆசைப்படுகிறேன். அதனால்தான் அங்கே எழுதாமல் இங்கே எழுதுகிறேன். துவானும் இதைப் படித்து ஓரமாக வைத்துவிட்டால், நியாயமாக எழுதுவதற்கு எனக்கு வேறு விலாசம் இல்லை.

10. ஆகவே, வியாழக்கிழமைக்குள் தேர்வைத் துவான் முன்னிலையில் மறுபடி நடத்தும்படியும், அதுவரை சின்னையாவை வண்டியில் ஏற்றக் கூடாது என்று ஓர் உத்தரவு எழுதிக் கொடுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலில் தலை ஒன்று குறைந்தால் துவானுக்கே தொல்லை வரும் என்பதையும் அறிவேன். அப்படியானால் கீழ்க்கண்ட விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டு அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளவும்.

பெயர்: அ. இருளப்பன்.
வயது: நாற்பத்தாறு. முன்பு எழுதிக் கொடுத்த ஐம்பத்திரண்டு பொய்; மன்னிக்கவும்.
அனுபவம்: பதினெட்டு ஆண்டுகள் கிராணி, ஒன்றரை ஆண்டு அடை. பாதை போட்டதில்லை, கற்றுக்கொள்வேன்.
உடல்நிலை: முழங்கால் கொஞ்சம் சண்டித்தனம் செய்யும். நடக்கவைத்துவிட்டால் நடக்கும்.
சர்டிபிகேட்: இல்லை. இந்த வேலைக்கு இதுவரை யாரிடமும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.
எங்கே அனுப்பினாலும் போய் உழைக்கச் சித்தமாயிருக்கிறேன்.

இதுவரை ஐந்து தேர்வுகளில் தோற்றவன். இந்த ஒன்றிலாவது துவான் என்னைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நம்பி, வியாழக்கிழமை காலை மாவட்ட அலுவலக வாசலில் காத்திருப்பேன்.

இங்ஙனம்,
துவானின் உத்தரவை எதிர்நோக்கும்,
அ. இருளப்பன்

இடம்: கோலா கெத்தில்
நாள்: நிப்பான் கணக்கில் 2603ஆம் ஆண்டு (பழைய கணக்கில் 1943) ஜூன் 15, செவ்வாய்க்கிழமை

பின்குறிப்பு: நான் கைலியோடுதான் வருவேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முழுக்கால் சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறோம். தேர்வுக்குச் சின்னையா அதைப் போட்டுக்கொண்டு வருவான்.