பெஸ்டஸ் கேவினின் குதிரை

1936 செப்டம்பர் 14
மழை. அம்மா போனபின் இந்த வீட்டில் கேட்கும் பேச்செல்லாம் மருந்துக்கு வருகிறவர்களுடையதுதான். அதுவும் வாசலோடு சரி. என் மருந்துக்குக் காசு தரக்கூடாது, நன்றியும் சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது என்பது அயர்லாந்தின் இந்த மேற்குக் கோடியில், மேயோவில், எல்லோருக்கும் தெரியும். வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டிப் போய்விடுவார்கள்.

இன்று மலைக்கு அந்தப்பக்கத்து பெஸ்டஸ் கேவின் தன் பெண்குதிரையை நொண்ட நொண்ட நடத்திக்கொண்டு வந்தார். முன்னங்கால் கணு வீங்கி நெருப்பாய்க் கொதித்தது. காம்ஃப்ரே செடியின் வேரைத் துருவி, கூழைத் துணியில் தடவிக் கட்டினேன். காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும்.

“தினமும் மாத்திக் கட்டணும். இங்கயே விட்டுட்டுப் போங்க.”

“அப்ப நானும் தினமும் வர்றேன்,” என்றார்.

செப்டம்பர் 17
கட்டுப்போடும்போது குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தேநீர், சோடா ரொட்டி. தன் ஆடுகளுக்குப் பாதிரியார்களின் பெயர்களை வைத்திருக்கிறாராம். சிரித்துவிட்டேன். யாரோ சிரித்த மாதிரி இருந்தது எனக்கு.

செப்டம்பர் 22
பக்கத்து வீட்டு டீலியா, வேலிக்கு மேலாக: “ஏய் ஹனோரா, நொண்டுறது குதிரையா, அந்த ஆளா?”

செப்டம்பர் 25
பெல்மல்லெட் ஊர்ச் சந்தையில் குதிரையை விற்றுவிட்டு லிவர்பூலுக்குக் கப்பலேறப் போகிறாராம். தம்பி அங்கே இருக்கிறானாம்.

“இங்க எனக்குன்னு யார் இருக்கா?”

ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தேன். அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தேன்.

கால் குணமாகாமல் போனால் — சீ, என்ன நினைப்பு இது.

செப்டம்பர் 29
வீக்கம் வடிந்துவிட்டது. அழுத்தினாலும் காலை இழுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் ஒரு வாரம் கட்டணும்னு சொன்னா யாரு கேக்கப் போறா?

குதிரை என் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. இந்த வாயில்லா ஜீவனை எதற்குக் கட்டிப்போடுவது?

செப்டம்பர் 30
“கூட்டிட்டுப் போங்க. கால் சரியாயிடுச்சு,” என்றேன்.

பெஸ்டஸ் குனிந்து வெகுநேரம் கணுவைத் தடவிப் பார்த்தார். “இன்னும் ஒரு வாரம் ஆகும்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

“எதுக்கு? நல்லாத்தானே இருக்கு.”

தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நன்றிதான் என்று நினைத்து, “சொல்லாதீங்க,” என்றேன். சொல்லாமலே போனார்.

நன்றியைத்தான் சொல்ல வந்தாரா?

அக்டோபர் 9
டீலியா சந்தையிலிருந்து திரும்பினாள். “ஓடவிட்டுப் பாத்தாங்க. துளி நொண்டல் இல்ல. மொத ஆளே வாங்கிட்டான்.” பெஸ்டஸ் அங்கிருந்தே கப்பலுக்குப் பஸ் ஏறிவிட்டாராம்.

“உள்ள வாயேன், டீ போட்டிருக்கேன்.”

பால் கறக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். இரண்டு கோப்பையையும் நானே குடித்தேன்.