கத்திரி வெயிலில் ஒட்டாத காந்தம்

மே 4, திங்கள்

கத்திரி ஆரம்பம். கம்பெனி வேன் திருவானைக்காவல் சிக்னலிலேயே செத்துக் கிடந்தது. ஏ.சி. என்ற பெயரில் வெந்நீர்க் காற்று.

பம்புத் தண்டுகள் ஒன்பதும் உலையிலிருந்து வந்துவிட்டன. ஐந்துக்கு ஒன்று சோதித்தால் போதும் என்பது இங்கே வழக்கம். ஜனவரியில் சேர்ந்ததிலிருந்தே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒன்பதையும் கருவியில் வைத்துக் கெட்டித்தன்மை பார்த்தேன். ஏழு கெட்டி. இரண்டு மெது. கே-500 இருக்க வேண்டிய இடத்தில் மோனல் நானூறு கலந்துவிட்டதோ?

சாயங்காலம் வீட்டில் காபியோடு என் கணவர் ரவி கேட்டார், "ரெண்டும் ஒரே உலோகம்தானே, அப்புறம் என்ன?"

இல்லை. இரண்டும் நிக்கலும் தாமிரமும் கலந்ததுதான், இரண்டையும் கடல் தண்ணீர் அரிக்காது. ஆனால் மோனல் நானூறு மெதுவானது. வால்வுப் பாகங்களுக்குப் போதும். கே-500இல் கொஞ்சம் அலுமினியமும் டைட்டானியமும் சேர்ந்திருக்கும். ஒரு ராத்திரி உலையில் வைத்தால் வலு இரண்டு மடங்குக்கு மேல். கப்பலில் தீப்பிடித்தால் கடல் தண்ணீரை இழுத்து அடிக்கிற பம்பு இது. அதற்குக் கே-தான் வேண்டும். நானூற்றில் தண்டு செய்து போட்டால் முழு வேகத்தில் முறுக்கிக்கொள்ளும்.

"சரி சரி" என்றார். மோர் மிளகாய் வாங்க வேண்டும்.

மே 5, செவ்வாய்

முதலாளி ஆரோக்கியசாமி சார், காலையிலேயே: "டாக்டரம்மா வந்தாச்சா? பேஷண்ட் எப்படி இருக்கு?"

பிஎச்.டி. வாங்கியது இந்த ஒரு நகைச்சுவைக்காகத்தான் போலிருக்கிறது.

உலையைக் குறை சொன்னார். இரண்டையும் நேற்றே மறுபடி உலையில் போடச் சொல்லியிருந்தார். போட்டார்கள். அதே மெது. கே என்றால் கெட்டியாகியிருக்க வேண்டும். அப்படியானால் இது நானூறு. எப்படி வந்தது?

தண்டு வெட்டுகிற கம்பிகள் வரும்போது முனையில் நிறம் அடித்திருக்கும், ரகத்துக்கு ஒரு நிறம். இவர்கள் வெட்டும்போது நிறம் இருக்கிற முனையைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். மீதிக் கம்பி எந்த ரகம் என்று அப்புறம் காந்தம்தான் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டேன். "கைக்கு வசதிங்க."

ஸ்டோர் பன்னீர்செல்வம் அசையவில்லை. "நான் ஒவ்வொண்ணா காந்தம் வெச்சுப் பாத்தேங்க மேடம். நானூறுல லேசா ஒட்டும், கே-ல ஒட்டாது. ஒண்ணுகூட ஒட்டலங்க. என் மேல சந்தேகமா?"

விதி சரிதான். புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

ஆ. சார்: "வியாழக்கிழமை லாரி வருது. ஏழு பாஸ்னா ஒம்போதும் பாஸ்தான். கையெழுத்துப் போட்டு விடும்மா."

போடவில்லை. வீட்டில் ரவியும், "ஒரு கையெழுத்துதானே." தலைவலி. ஓர் ஆண் எவ்வளவு எளிதாக "தானே" போடுகிறார்.

மே 6, புதன்

ரவி சமயபுரம் பக்கம் போக வேண்டியிருந்ததால் விடியற்காலையிலேயே கிளம்பி என்னை முதலில் துவாக்குடியில் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டார். ஸ்டோரில் ஆள் இல்லை. அந்த மெதுவான தண்டின் வெட்டு மிச்சம் ஒன்று தரையில் கிடந்தது. சும்மா காந்தத்தை வைத்தேன். ஒட்டியது. லேசாக, ஆனால் ஒட்டியது.

பன்னீரைத் திட்டுவதற்கு வாக்கியங்கள் தயார் செய்துகொண்டே வேலை பார்த்தேன். மதியம் அவரைக் கூப்பிட்டு, அவர் எதிரிலேயே வைத்தேன். ஒட்டவில்லை. அதே துண்டு.

"பாத்தீங்களா?" என்றார். அந்த முகம்!

பிறகுதான் உறைத்தது. நானூறு சூடேறினால் காந்தத்தை விட்டுவிடும். அதற்குப் பெரிய சூடெல்லாம் வேண்டாம். அறை வெப்பத்தில் ஒட்டும் என்று எழுதியவருடைய அறை வேறு. எங்கள் ஸ்டோருக்குத் தகரக் கூரை. இவர் பிரிப்பதோ சாப்பாட்டுக்குப் பிறகு, ஆள் குறைவான நேரத்தில்.

முப்பது வருடம் படித்த, சொல்லிக்கொடுத்த விஷயம். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

மே 7, வியாழன்

கரும்புச்சாறு கடையில் ஐஸ் வாங்கி வாளியில் போட்டு, துண்டை ஊறவைத்து, ஆ. சார் முன்னால் காட்டினேன். ஒட்டியது. வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தேன். விழுந்தது.

"என்னம்மா இது, மாரியம்மன் கோயில் வித்தை மாதிரி." மறுபடி செய்யச் சொன்னார். மூன்றாவது முறை அவரே செய்தார். லாரி ஏழு தண்டோடு போனது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பன்னீர் சமாதானமாகாமல், "போன வருசமும் இப்படித்தாங்க பிரிச்சோம். இதே கத்திரில. அப்ப ஒண்ணும் ஆகலையே."

பதிவேட்டைப் புரட்டினேன். போன வருடம் ஐந்து தண்டு போயிருக்கிறது. சோதித்தது ஒன்று.

ஆ. சார்: "அத ஏம்மா கிளப்புறீங்க? கப்பல் முழுகிடுச்சா?"

"தீப்பிடிச்சாத்தானே சார் தெரியும்."

"வாங்கினவன்கிட்ட சொன்னா அடுத்த ஆர்டர் வராது. இங்க நாப்பது பேர் சாப்பிடுறாங்க."

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்."

"சொல்லிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிருங்க."

ரவியிடம் சொன்னேன். மின்விசிறி வேகத்தைக் கூட்டினார். "நானா இருந்தா வாயத் தெறக்க மாட்டேன். நீ தெறப்ப. ஃபிளாட் கடன நான் பாத்துக்கிறேன்." இந்த மனிதரைப் புரிந்துகொள்வதாக இனி சொல்லிக்கொள்ளக் கூடாது.

மே 8, வெள்ளி

வாங்கியவர்களுக்கு மெயிலை எழுதி, அச்செடுத்து அவர் மேஜையில் வைத்தேன். "பதினோரு மணிக்கு அனுப்பப்போறேன் சார்."

படித்தார். சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எது அதிகத் தொந்தரவு என்று யோசித்திருப்பார். போனை எடுத்தார்.

"வணக்கம் சார்... எங்க க்வாலிட்டியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. நான்தான் பழசையெல்லாம் திருப்பிப் பாருங்கன்னு சொன்னேன்..."

நான்தானாம்! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தையும் சோதிக்கச் சொல்லிவிட்டார். அது போதும். மெயிலையும் அனுப்பினேன்.

மே 9, சனி

விடுமுறை. தண்ணீர் வரவில்லை. கீழ் வீட்டு மாமி, "ஏன் முகம் வாடியிருக்கு, பெருமாள சேவிச்சுட்டு வாங்கோளேன்." வெயிலில் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடா? சிரித்து வைத்தேன். மோர் மிளகாய் வாங்கினேன்.

மே 11, திங்கள்

பதில் வந்தது. மூன்று தண்டு அவர்கள் கிடங்கிலேயே இருந்திருக்கிறது, மூன்றும் கெட்டி. இரண்டை ஒரே கப்பலில் மாட்டியிருக்கிறார்கள். கப்பல் துறைமுகத்தில் நின்றதால் கருவியை அங்கேயே கொண்டுபோய்ப் பார்த்தார்களாம். ஒன்று கெட்டி. இன்னொன்று மெது.

மாதம் ஒருமுறை சும்மா ஓட்டிப் பார்ப்பதோடு சரி, முழு வேகத்தில் ஓட்ட வேண்டிய தேவை வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். மாற்றுத் தண்டு வரும்வரை கப்பல் கிளம்பாது.

ஆ. சார் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். டாக்டரம்மா என்று சொல்லவில்லை. "மாத்தி அனுப்ப என்ன வழின்னு பாருங்கம்மா" என்றார்.

அந்தக் கப்பலில் எத்தனை பேர் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான் போன் செய்து கேட்டேன். பதினெட்டுப் பேர்.